உம்மா கேட்ட பெண் டாக்டர்



நம் வீடுகளில் வாய்விட்டுப் பேசப்படும் நோய்கள் உண்டு. பேசப்படாத நோய்களும் உண்டு. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கல்யாண வீட்டுப் பந்தியிலேயே விசாரிக்கப்படுபவை. பெண்ணுக்கு மட்டுமே வரும் நோய்களோ பெட்டியின் அடியில் வைத்த துணியைப் போல மடிந்து கிடப்பவை. என் உம்மா அப்படி ஒரு நோயைப் பதினொரு ஆண்டுகள் மறைத்து வைத்திருந்தார்கள். அவர்களுடைய அனுமதி பெற்றே இதை எழுதுகிறேன். பெயரைப் போடக்கூடாது என்பது மட்டும் அவர்களின் நிபந்தனை.

கருப்பை இறங்குதல் என்பது அந்த நோயின் பெயர். ஆறு பிள்ளை பெற்ற உடம்பு. பேறுகால நாற்பது முடிந்த மறுநாளே கிணற்றில் நீர் இறைத்த உடம்பு. உள்ளே தாங்கி நிற்கும் தசைகளும் நார்களும் ஆண்டுக் கணக்கில் தளர்ந்து, கருப்பை கீழே சரிந்துவிடுகிறது. உட்கார்ந்தால் வேதனை, நின்றால் பாரம். இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் கசியும். இவற்றையெல்லாம் உம்மா பொறுத்துக்கொண்டார்கள். அவர்களால் பொறுக்க முடியாதது ஒன்றே ஒன்று. ஸுஜூதுக்குக் குனியும்போது ஒளு முறிந்துவிடும். ஒரு வக்துக்கு மூன்று முறை, நான்கு முறை ஒளு எடுத்து, கடைசியில் அழுதுகொண்டே தொழுகையை முடிப்பார்களாம். பெண்கள் தைக்காவுக்குப் போவதை நிறுத்திவிட்டார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் "முட்டு வலி" என்று ஒரே பதில். மகளாகிய நானும் அதை நம்பினேன். முழங்காலுக்குத் தைலம் வாங்கிக் கொடுத்தேன்!

இரத்தக் கறை கண்ட பிறகே உண்மை வெளிவந்தது. மருத்துவமனைக்குப் புறப்படுங்கள் என்றதும், "பொம்புளை டாக்டர்னா வர்றேன். ஆம்புளை டாக்டர்னா இப்படியே மவுத்தாகிப் போறேன்" என்றார்கள். நிர்ப்பந்த நிலையில் ஆண் மருத்துவர் பார்ப்பதற்கு மார்க்கத்தில் அனுமதி உண்டு என்பதை ஊர் ஆலிம்சாவே வந்து, திரைக்கு வெளியே அமர்ந்து எடுத்துச் சொன்னார். அவர் போனதும் உம்மா, "அவர் சட்டத்தைச் சொல்றார்; என் வெட்கம் எனக்குல்ல தெரியும்" என்று முடித்துவிட்டார்கள்.

அதனால்தான் நாங்கள் வேலூருக்குப் போனோம். பிரசவத்திற்கும் பெண்கள் நோய்க்கும் அங்கே பெண் மருத்துவர்கள் நிறைய உண்டு என்று ஊரில் பலர் சொல்லக் கேட்டிருந்தோம். ஏன் நிறைய உண்டு என்பதற்கு ஒரு வரலாறு இருப்பது அப்போது எனக்குத் தெரியாது. அதைப் பின்னர் படித்தறிந்தபோது, உம்மாவின் பிடிவாதத்திற்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட வயது என்பது விளங்கியது.

1890களின் தொடக்கம். திண்டிவனத்தில் ஓர் அமெரிக்கப் பாதிரியாரின் வீடு. அவர் பெயர் ஜான் ஸ்கடர், மருத்துவரும் ஆவார். நோயுற்ற தாயைக் கவனிக்க அமெரிக்காவிலிருந்து வந்திருந்தார் அவருடைய மகள் ஐடா, இருபது வயதை ஒட்டிய பெண். இந்தியாவில் தங்குவதற்கோ ஊழியம் செய்வதற்கோ அவருக்குச் சிறிதும் விருப்பமில்லை. ஒரே இரவில் மூன்று பேர் அந்த வீட்டின் கதவைத் தட்டினர். முதலில் வந்தவர் ஒரு பிராமணர். இளம் மனைவி பிரசவ வேதனையில் துடிக்கிறாள். வந்து காப்பாற்றுங்கள் என்று ஐடாவிடம் கெஞ்சினார். எனக்கு மருத்துவம் தெரியாது, என் தந்தையை அழைத்துச் செல்லுங்கள் என்றார் ஐடா. அந்நிய ஆடவர் என் மனைவியைப் பார்ப்பதா என்று அவர் திரும்பிப் போய்விட்டார். இரண்டாவது வந்தவர் ஒரு முஸ்லிம். அதே வேண்டுகோள், அதே மறுப்பு. மூன்றாவதாக வந்த மற்றோர் இந்துவும் அவ்வாறே. விடிந்ததும் சாவுப் பறை கேட்டது. மூன்று பெண்களும் இறந்துவிட்டனர்.

அந்த மூவரில் ஒருவர் நம்மவர் என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. அவரைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. நள்ளிரவில் ஓடிவந்து கதவைத் தட்டியவர், மனைவி மீது அன்பில்லாதவராக இருந்திருக்க முடியாது. அவருக்கு வேண்டியது ஒரு பெண் மருத்துவர். அன்று அந்த வட்டாரத்தில் ஒருவர்கூட இல்லை. இறந்துபோன அந்தச் சகோதரியின் பெயரை நான் படித்த எந்த நூலிலும் காணவில்லை. அல்லாஹ் அவருக்கு மறுமையில் நற்பதவி அருள்வானாக!

அந்த இரவு ஐடாவை மாற்றிவிட்டது. அமெரிக்கா திரும்பி மருத்துவம் படித்தார். பெண்களை அப்போதுதான் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியிருந்த கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899இல் பட்டம் பெற்று, 1900இல் இந்தியா வந்து சேர்ந்தார். அதே ஆண்டு தந்தையார் காலமானார். வேலூரில் ஒரு சிறு அறையில் ஒரே கட்டிலுடன் ஐடா சிகிச்சையைத் தொடங்கினார். 1902இல் 40 படுக்கைகளுடன் பெண்களுக்கென ஒரு மருத்துவமனை எழுந்தது. நியூயார்க் செல்வர் ஒருவர் தம் மறைந்த மனைவியின் நினைவாக அளித்த 10,000 டாலரில் கட்டப்பட்டது அது.

தாம் ஒருவர் எத்தனை கதவுகளுக்குத்தான் ஓட முடியும் என்று ஐடா எண்ணினார் போலும். 1909இல் செவிலியர் பள்ளியைத் தொடங்கினார். 1918 ஆகஸ்டில் பெண்களுக்கு மட்டுமேயான மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது. பெண்களாவது, மருத்துவமாவது என்று அன்றைய அதிகாரிகள் பலர் ஐயுற்றனர். முதல் அணியிலிருந்து 14 பெண்கள் தேர்வில் வென்று மருத்துவராக வெளிவந்தனர். மருத்துவப் பள்ளிகள் எல்லாம் பல்கலைக்கழகப் பட்டக் கல்லூரிகளாக உயர வேண்டும் என்று 1930களின் இறுதியில் அரசு விதித்தபோது, எழுபது வயதை எட்டிய அந்த அம்மையார் நிதி திரட்ட மீண்டும் கப்பலேறினார். 1942இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கிடைத்தது. (இப்போது தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துடன் இணைந்துள்ளது.) ஆண் மாணவர்கள் உள்ளே வந்தது 1947இல்தான்.

அவர்கள் தங்கள் மதத்திற்காகச் செய்தார்கள் என்று சில சகோதரர்கள் சொல்வதுண்டு. ஆம், அப்படித்தான் செய்தார்கள். அதை அவர்கள் மறைக்கவும் இல்லை. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி என்று வாயிலிலேயே பெயர் எழுதியிருக்கிறது. நாம் நம் மார்க்கத்திற்காக என்ன செய்தோம் என்று திருப்பிக் கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

இரவுப் பேருந்தில் புறப்பட்ட நாங்கள் பஜ்ர் பாங்கு சொல்லும் வேளையில் வேலூரில் இறங்கினோம். மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பெயர்ப் பலகைகள் வங்காளத்தில். கடைக்காரர் பேசுவதும் வங்காளத்தில். அறைக்குள்ளேயே சமைத்துக்கொள்ள அடுப்பு கொடுக்கும் விடுதிகள். மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், அஸ்ஸாம், பங்களாதேஷ் என்று எங்கெங்கிருந்தோ வந்த குடும்பங்கள். ஜும்ஆவுக்குப் போன என் தம்பி, பக்கத்தில் தொழுதவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியவில்லை என்று வியந்தான்.

எங்கள் விடுதியின் அடுத்த அறையில் பங்களாதேஷைச் சேர்ந்த ஒரு தகப்பன், தாய், ஏழு வயதுச் சிறுவன். பிள்ளைக்குத் தலசீமியா. இரத்தச் சிவப்பணுக்கள் சரியாக உருவாகாத பிறவி நோய் அது; சில வாரங்களுக்கு ஒருமுறை பிறர் இரத்தம் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தாய் தந்தை இருவரும் அந்தக் குறையை நோயின்றிச் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு பேற்றிலும் பிள்ளைக்கு நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. நெருங்கிய உறவுக்குள்ளேயே மணம் முடிக்கும் குடும்பங்களில் இருவருமே சுமப்பவர்களாக அமைவது எளிது. திருமணத்திற்கு முன் ஒரு இரத்தப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும். நகையின் எடையை நிறுத்துப் பார்க்கும் நாம் இதைப் பார்ப்பதில்லை. வேலூரில் 1986இல் தலசீமியாச் சிறார்க்கான எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சை தொடங்கியது. உடன்பிறந்தாரின் மச்சை பொருந்தி வந்தால் பிள்ளை இரத்தம் ஏற்றிக்கொள்ளாமலே வாழ வழியுண்டு. அந்தச் சிறுவனின் தங்கைக்குப் பரிசோதனை எடுத்திருந்தார்கள். முடிவு வரும் முன் நாங்கள் ஊர் திரும்பிவிட்டோம். இன்றும் சில நேரம் துஆவில் அந்தப் பிள்ளையின் முகம் வருகிறது.

இனி உம்மாவின் கதைக்கு வருகிறேன்.

உம்மாவைப் பரிசோதித்தவர் நடுவயதுப் பெண் மருத்துவர். உம்மா முதலில் முகத்திரையைக்கூட எடுக்கவில்லை. முதலில் உதவிக்கு வந்த செவிலி ஓர் இளம்பெண். கதவைச் சாத்தினாள்; திரையை இழுத்தாள்; திரை ஓரத்தில் விரல் அளவு இடைவெளி இருந்ததைக் கண்டு அதையும் சரி செய்தாள். பிறகுதான், "அம்மா, இப்போ நான் போர்வையை விலக்கலாமா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் உம்மாவின் பாதி அச்சம் போய்விட்டது என்றே சொல்வேன். அறுபத்தேழு வயதில் தம் உடம்பைக் குறித்து ஒருவர் தம்மிடமே அனுமதி கேட்டது அதுவே முதல் முறை என்று உம்மா பின்னர் சொன்னார்கள்.

கற்பிக்கும் மருத்துவமனை என்பதால் மருத்துவருடன் மாணவியரும் வந்து நிற்பது அங்கே வழக்கம். அதற்கும் அனுமதி கேட்டார்கள். பெண் பிள்ளைகள் மட்டும் என்றால் சரி என்றார்கள் உம்மா. நால்வர் உள்ளே வந்தனர். பரிசோதனை முடிந்து அவர்கள் வெளியே போனதும் உம்மா என்னைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் கேட்டார்கள்: "நாலு புள்ளையில நம்ம புள்ளை ஒண்ணுகூட இல்லியா?"

நான் பதில் சொல்லவில்லை. சொல்ல முடியாததற்குக் காரணம் உண்டு. என் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படிப்பவள். செவிலியர் பட்டப்படிப்புப் படிக்க வேண்டும் என்று ஓராண்டாகக் கேட்டுக்கொண்டிருந்தவள். வேண்டவே வேண்டாம் என்று மறுத்தவர்கள் இதே உம்மா. "ராத்திரி வேலை, அந்நிய ஆம்புளையைத் தொடணும், நர்ஸை யார் கட்டுவா?" என்றார்கள். அப்போது நானும் தலையாட்டினேன். உம்மா மீது பழியைப் போட்டு நான் தப்பித்துக்கொண்டேன் என்பதே உண்மை.

முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்து அறுவை நடந்தது. கருப்பையை நீக்கித் தளர்ந்த தசைகளைத் தைத்து இறுக்கினார்கள். அறுவை அறைக்குள் பெண்களே இருக்க வேண்டும் என்று உம்மா கேட்டதை அவர்கள் பரிகசிக்கவில்லை. இயன்றவரை பார்க்கிறோம், உறுதி சொல்ல முடியாது என்று நேர்மையாகச் சொன்னார்கள். மயக்க மருத்துவர் ஆணாகவே இருந்தார். உம்மா கண்களை மூடிக்கொண்டு ஆயத்துல் குர்ஸீயை ஓதியபடி இருந்தார்களாம். அடுத்து வந்த இரவுகளில் சிறுநீர்க் குழாயைக் கவனித்ததும், துணி மாற்றியதும், படுத்தபடியே தயம்மும் செய்து தொழுவதற்குக் கட்டிலைக் கிப்லாவின் பக்கம் திருப்பிப் போட உதவியதும் மருத்துவர்கள் அல்லர்; செவிலியர்களே. யார் கட்டுவார் என்று நாம் கேட்கும் அந்தப் பெண்கள்.

காத்திருந்த நாட்களில் எனக்கு வேறு வேலை இல்லை. அந்த மருத்துவமனையைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். சாதனைகள் நிறைய. 1971இல் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அங்கே நடந்தது. 2024இல், இரத்தம் உறையாத ஹீமோபிலியா நோயாளர் ஐவருக்கு மரபணுச் சிகிச்சை செய்து இரத்தக் கசிவு நின்றுபோனதை உலகறிய வெளியிட்டார்கள். 1986இல் இந்தியாவில் எய்ட்ஸ் கிருமி முதன்முதலாகக் கண்டறியப்பட்டதும் அங்குள்ள சோதனைக்கூடத்தில்தான். அதற்கான இரத்த மாதிரிகளைச் சென்னையில் சேகரித்தவர் செல்லப்பன் நிர்மலா என்னும் மருத்துவ மாணவி. வழிகாட்டியவர் டாக்டர் சுனிதி சாலமன். மாதிரிகளை வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்துப் பாதுகாத்து இரயிலில் வேலூருக்கு எடுத்துச் சென்றார் நிர்மலா. ஆறு மாதிரிகளில் கிருமி இருந்தது. இங்கும் பெண்களே!

இவற்றையெல்லாம்விட என் மனத்தில் தைத்தது மேரி வர்கீஸ் என்பவரின் வாழ்க்கை. கேரளத்தில் 1925இல் பிறந்து வேலூரில் மருத்துவம் கற்றவர். பெண்கள் நோய் மருத்துவராகவே அவரும் ஆக நினைத்தார். 1954இல் ஒரு வாகன விபத்து. தண்டுவடம் நசுங்கி, இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று. முகத்திலும் நீங்காத தழும்பு. அதோடு ஒரு பெண்ணின் கதை முடிந்தது என்றே யாரும் நினைப்பர்.

அப்போது அங்கே பால் பிராண்ட் என்னும் அறுவை மருத்துவர் பணியாற்றினார். தொழுநோயாளரின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை என்று கண்டு சொன்னவர் அவர். நோய் நரம்பைத் தாக்குகிறது; வலி தெரியாமல் போகிறது; வலி தெரியாத கை சூடான பாத்திரத்தைப் பற்றினாலும் விடுவதில்லை. புண்ணுக்கு மேல் புண்ணாகி விரல் தேய்கிறது. தசை செயலிழந்து மடங்கிப்போன விரல்களுக்கு, நல்ல நிலையிலுள்ள வேறொரு தசைநாரைத் திருப்பித் தைத்து மீண்டும் நிமிரச் செய்தார். 1948இல் தொடங்கிய அந்த அறுவை முறை உலகுக்கே புதிது. அவர் மேரியிடம் சொன்னது இதுதான்: கையில் செய்யும் அறுவையை உட்கார்ந்துகொண்டும் செய்யலாமே. மேரி சக்கர நாற்காலியில் அமர்ந்து, ஊர் ஒதுக்கிய தொழுநோயாளரின் கைகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தினார். பிறகு நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பி, 1960களில் அத்துறையின் தலைவரானார். 1966இல் முடங்கியோர்க்கான மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

இதை உம்மாவுக்குக் கட்டிலருகே அமர்ந்து சொன்னேன். கேட்டுவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார்கள். பிறகு, "கால் இல்லாதவ இவ்வளவு செஞ்சிருக்கா, நாம காலை வச்சுக்கிட்டு எங்க போனோம், அடுப்பங்கரைக்குத்தான்" என்றார்கள்.

அந்த வார்த்தையை அப்படியே ஏற்க எனக்கு மனமில்லை. அடுப்பங்கரையும் இழிவான இடமன்று. ஆறு பிள்ளைகளை வளர்த்த இடம். ஆனால் நம் வரலாற்றில் பெண்களுக்கு வேறு இடமும் இருந்தது. அகழ்ப் போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எங்கே வைத்தார்கள்? பள்ளிவாசலில் ருபைதா (ரலி) என்னும் அன்ஸாரிப் பெண்மணி காயம்பட்டோர்க்காக அமைத்திருந்த கூடாரத்தில். இந்த இதழின் பக்கங்களில் நாம் கெய்ரோவின் மன்சூரி மருத்துவமனையைப் பற்றிப் பெருமையோடு படிக்கிறோம். 1284இல் சுல்தான் கலாவூன் கட்டியது; இப்னு நஃபீஸ் தம் வீட்டையும் நூலகத்தையும் அதற்கே எழுதி வைத்தார். படித்து மகிழ்கிறோம். அதன்பின் நம் பெண்ணுக்கு நோய் வந்தால் அடுத்தவர் பெற்று வளர்த்துப் படிக்கவைத்த பெண்ணைத் தேடி ஓடுகிறோம். பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்பது நம் உரிமைதான். ஒவ்வொரு வீடும் கேட்டுக்கொண்டே இருந்து, எந்த வீடும் கொடுக்காவிட்டால் அவர் எங்கிருந்து வருவார்?

இரவு வேலையின் சிரமம் உண்மை. ஆண் நோயாளரைத் தொட நேரும் என்பதும் உண்மை. என் மகளிடம் இவற்றை நான் மறைக்கவில்லை. "உம்மும்மாவுக்கு ராத்திரி துணி மாத்துனது யாரும்மா?" என்று அவள் கேட்டாள்.

ஊர் திரும்பி மூன்று மாதம் கழித்து உம்மா மீண்டும் தைக்காவுக்குப் போனார்கள். பழைய இடத்தில், தூணுக்குப் பக்கத்தில் அமர்ந்தார்கள். முட்டு வலி தேவலையா என்று ஒருத்தி கேட்டாள். "முட்டு வலி எனக்கு எப்பவும் இருந்ததில்லை" என்று தொடங்கி, நடந்ததைத் தாழ்ந்த குரலில் முழுவதும் சொல்லிவிட்டார்கள். அந்த வாரத்தில் மூன்று பெண்கள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மூவரும் தனித்தனியே, மூவரும் பின்வாசல் வழியாக. ஒருவருக்கு ஏழு ஆண்டாம். இன்னொருவர் இளம்பெண், இரண்டு பிள்ளைகள்தான், எங்கே, எப்படிப் போவது, எவ்வளவு ஆகும் என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார். என் மகள் எழுதிக் கொடுத்தாள்.

அவளுடைய வாப்பா வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் இன்னும் தயங்கிக்கொண்டிருக்கிறார். டாக்டருக்கு முயன்று பார்க்கட்டுமே, நர்ஸ் எதற்கு என்கிறார். விண்ணப்பத்திற்கு இன்னும் சில நாட்களே உள்ளன. நேற்று உம்மா என் மகளை அழைத்துப் பக்கத்தில் உட்காரவைத்து இரண்டு கேள்விகள் கேட்டார்கள். சட்டை முழுக்கையாகத் தைத்துக்கொள்ள விடுவார்களா? வேலைக்கு நடுவே தொழ நேரம் கிடைக்குமா? விசாரித்துச் சொல்கிறேன் உம்மும்மா என்று அவள் குறித்துக்கொண்டாள்.